கைதியாய் வந்த தளபதி டிலனாய்



குறிஞ்சாக்கேணியிலிருந்து நீர் கடந்து கிண்ணியாவுக்கும், அங்கிருந்து மூதூர்ப் பக்கமும் பயணம் செய்தவர்கள் கொட்டியாரக் குடாவை நன்கறிவர். இந்தக் குடாவில் 1659-ஆம் ஆண்டு புயலில் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று வந்து ஒதுங்கியது. அடுத்த ஆண்டில் அதன் தலைவரும், அவருடைய மகன் றொபேட் நொக்ஸும், கூட வந்தவர்களில் பலரும் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். தந்தை மறு வருடமே காய்ச்சலில் மாண்டார். மகன் பத்தொன்பது ஆண்டுகள் கைதியாக வாழ்ந்து, 1679-இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிச் சென்று தாயகம் திரும்பினார். அந்தக் கதையை நம் பிள்ளைகள் பாடசாலையிலே படிக்கிறார்கள்.

இன்று நாம் சொல்லப் போவது இன்னொரு கைதியின் கதை. இவரும் அந்நிய நாட்டுக் கரையில் பிடிபட்டவர். ஆனால் இவர் தப்பிச் செல்லவில்லை. தம்மைச் சிறைப்பிடித்த அரசனுக்கே படை பயிற்றினார். அந்த நாட்டின் பிரதம தளபதியானார். முப்பத்தாறு ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து, அந்த மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். இதற்கும் மேலாக, தமிழ் மண் திருச்சபைக்கு அளித்த ஒரு மாபெரும் வேதசாட்சியின் வாழ்வில் விசுவாசத்தின் முதல் வித்தை விதைத்தவரும் இவரே. அவர் பெயர் எயுஸ்தாக்கியுஸ் பெனடிக்ட் டிலனாய்.

ஒல்லாந்தர் கப்பலில் ஒரு கத்தோலிக்கர்

டிலனாய் 1715-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர். பிளாண்டர்ஸ் நாட்டவர் என்று அவரைச் சொல்வர். இன்றைய வட பிரான்சிலுள்ள அராஸ் நகரம் அவருடைய பிறப்பிடமாகக் கருதப்படுகிறது. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவர், பிழைப்புத் தேடி ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனியில் படைவீரராகச் சேர்ந்து கீழ்த்திசைக்கு வந்தார்.

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்நாளில் இலங்கையின் கரையோரங்களை ஆண்டவர்கள் ஒல்லாந்தர். நமது திருகோணமலைக் கோட்டையும் அவர்கள் கையில்தான் இருந்தது. கத்தோலிக்க மக்களுக்கு அவர்கள் இழைத்த துன்பத்தை நம் குடும்பங்கள் இன்றும் மறக்கவில்லை. கத்தோலிக்க குருவானவருக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று 1658-இல் அவர்கள் கட்டளையிட்டார்கள். அதனால்தான் 1687-இல் இலங்கை வந்த யோசப்வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் மறைந்து திரிந்து நம் முன்னோருக்குத் தேவதிரவிய அனுமானங்களை வழங்க வேண்டியிருந்தது. அவர் 1711-இல் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 2015-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

குருக்களை வேட்டையாடிய அதே கம்பெனி, தன் படைக்கு ஆள் சேர்க்கும்போது மட்டும் மதம் பார்க்கவில்லை. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் வறுமையால் வந்த வாலிபர்கள் அதன் கப்பல்களில் ஏறினார்கள். அவர்களிலே கத்தோலிக்கரும் இருந்தனர். டிலனாய் அவர்களில் ஒருவர்.

மிளகுக்காக ஒரு போர்

ஒல்லாந்தர் 1663-இல் கொச்சியைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். அன்று முதல் மலையாளக் கரையின் மிளகு வியாபாரம் அவர்கள் கைக்குள் இருந்தது. சிற்றரசர்கள் பலர் ஒருவரோடொருவர் சண்டையிட்டுக் கொண்டிருந்த வரையில் அந்த வியாபாரம் அவர்களுக்கு இலாபமாகவே நடந்தது. ஆனால் 1729-இல் தெற்கே வேணாட்டு அரியணையில் ஏறிய மார்த்தாண்ட வர்மா, அண்டை நாடுகளை ஒவ்வொன்றாகத் தம் ஆட்சிக்குள் கொண்டுவரத் தொடங்கினார். திருவிதாங்கூர் என்னும் பெரிய அரசு உருவாயிற்று. மிளகை விலை பேசும் உரிமையும் கம்பெனியின் கையிலிருந்து நழுவத் தொடங்கியது.

அக்காலத்தில் இலங்கையின் ஒல்லாந்த தேசாதிபதியாக இருந்தவர் வான் இம்ஹொப். அவர் 1739-இல் மலையாளக் கரைக்குச் சென்று மார்த்தாண்ட வர்மாவைச் சந்தித்தார். பேச்சு முற்றியபோது, திருவிதாங்கூரின் மேல் படையெடுக்க நேரிடும் என்று தேசாதிபதி மிரட்டினாராம். அப்படியானால் தாமும் தம் மீனவரின் வள்ளங்களோடு ஐரோப்பாவின் மேல் படையெடுப்பதைப் பற்றி யோசிப்பதாக அரசர் பதில் கொடுத்தாராம். இந்தச் சம்பவம் திருவிதாங்கூர் வரலாற்று நூல்களில் தவறாமல் இடம் பெறுவது.

மிரட்டல் வார்த்தையோடு நிற்கவில்லை. இலங்கையிலிருந்து புறப்பட்ட ஒல்லாந்தப் படை, 1741-இன் முற்பகுதியில் குளச்சல் கரையில் இறங்கியது. குளச்சல் இன்றைய தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள துறைமுகம். ஒல்லாந்தர் கரையோரக் கிராமங்களைத் தாக்கினார்கள். அங்கே அரண் அமைத்தார்கள். உள்நாட்டில் அரசரின் தலைநகரான கல்குளம் நோக்கியும் முன்னேறினார்கள். கல்குளம் என்பதே பிற்காலத்தில் பத்மநாபபுரம் ஆயிற்று.

வடக்கே போர் முனையில் இருந்த மார்த்தாண்ட வர்மா விரைந்து தெற்கே திரும்பினார். தளவாய் இராமய்யன் படைகளைத் திரட்டினார். கரையோரத்து மீனவ மக்களும் அரசர் பக்கமே நின்றார்கள். இவர்கள் யார் தெரியுமா? இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், 1544-இல், புனித பிரான்சிஸ்கு சவேரியார் அந்தக் கரையில் ஞானஸ்நானம் கொடுத்த மக்களின் சந்ததியார். படைவீரர் தொகை அதிகமென்று எதிரி எண்ணும்படி அவர்கள் வள்ளத்துடுப்புகளைத் துப்பாக்கி போலத் தோளில் சாய்த்துக் கரையில் வரிசையாக நின்றார்கள் என்று இன்றும் அங்கே கதை சொல்வார்கள்.

கல்குளத்தைப் பிடிக்க முடியாத ஒல்லாந்தர் குளச்சலில் தங்கள் அரணுக்குள் பின்வாங்கினர். மழைக்காலம் வந்தது. கடல் கொந்தளித்தது. கப்பல் வழியாக உதவி வருவது அரிதாயிற்று. இந்த நிலையில் வெடிமருந்துக் கிடங்கில் தீப்பற்றி அது வெடித்துச் சிதற, உள்ளே இருந்த உணவும் அழிந்தது. 1741 ஆகஸ்ட் 10-ஆம் நாளை குளச்சல் வெற்றியின் நாளாகக் குறிப்பர். ஆசிய அரசர் ஒருவர் ஐரோப்பியக் கம்பெனி ஒன்றைப் போரில் வீழ்த்திய நாள் அது. அதன் நினைவாகக் குளச்சலில் இன்றும் ஒரு வெற்றித்தூண் நிற்கிறது.

சிறைப்பட்ட ஐரோப்பியர் ஏறக்குறைய இருபத்துநான்கு பேர். அவர்களில் டிலனாயும், அவருடைய தோழர் டொனாடி என்பவரும் இருந்தார்கள். டிலனாய்க்கு அப்போது வயது இருபத்தாறு.

சிறையிலிருந்து பாசறைக்கு

கைதிகளைப் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குக் கொண்டு சென்றார்கள். மார்த்தாண்ட வர்மா தொலைநோக்கு உடைய அரசர். தோற்றவர்களைக் கொன்று தீர்ப்பதிலும் அவர்கள் கைத்திறனைப் பயன்படுத்துவதே நாட்டுக்கு நன்மை என்று அவர் கண்டார். கைதிகளை அன்பாக நடத்தி, தம் சேவையில் சேரும்படி அழைத்தார். டிலனாய் இணங்கினார்.

முதலில் அரசரின் மெய்க்காவற் படையில் சில பிரிவுகளை மட்டும் அவரிடம் ஒப்படைத்தார்கள். களரியில் வாளும் பரிசையும் பழகிய வீரர்கள் அவர்கள். தனித்தனியே போரிடுவதில் சூரர். ஆனால் அணியாக நிற்கவும், ஒரே கட்டளைக்கு ஒருமிக்கச் சுடவும், பின்வாங்கும்போது வரிசை குலையாமல் நகரவும் பழகாதவர்கள். டிலனாய் அவர்களுக்கு நாள்தோறும் பயிற்சி கொடுத்தார். பயிற்சியின் பலனைக் கண்ட அரசர் வியந்து, மேலும் மேலும் வீரர்களை அவரிடம் அனுப்பினார்.

வீரனுக்குப் பயிற்சி மட்டும் போதாது, ஆயுதமும் வேண்டும் அல்லவா? உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே பீரங்கி வார்க்கும் உலைக்களம் எழுந்தது. துப்பாக்கியும் குண்டும் வெடிமருந்தும் உள்நாட்டிலேயே செய்யப்பட்டன. பழைய உதயகிரிக் கோட்டையைக் கருங்கல்லால் திருத்திக் கட்டினார்கள். கன்னியாகுமரிக்கு அருகே கடலைத் தொட்டு நிற்கும் வட்டக்கோட்டையும் டிலனாயின் மேற்பார்வையில் பலப்படுத்தப்பட்டதே. மக்கள் அவரை வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி, என்று அழைக்கலானார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

யோபுவின் கதை

டிலனாயின் வாழ்க்கையிலே போர்க்களத்தையும் விட முக்கியமான ஒரு நிகழ்ச்சி, இந்தக் கோட்டை வேலை நடந்த காலத்தில்தான் நிகழ்ந்தது. அது ஆரவாரம் எதுவும் இல்லாமல் இரு நண்பர்களுக்கிடையே நடந்தது.

கோட்டை வேலைகளில் அரசாங்க அதிகாரியாக இருந்தவர் நீலகண்டபிள்ளை. 1712 ஏப்ரல் 23-ஆம் நாள் நட்டாலத்தில் பிறந்தவர், நாயர் குலத்தவர், அரண்மனையில் மதிப்புள்ளவர். வேலை நிமித்தமாக அவரும் டிலனாயும் அடிக்கடி சந்தித்தார்கள்; நண்பர்களானார்கள். அந்நாட்களில் நீலகண்டபிள்ளையின் குடும்பத்தை அடுக்கடுக்காய்த் துன்பங்கள் தாக்கின. மாடுகள் செத்தன. பயிர்கள் அழிந்தன. சொத்துக் கரைந்தது. எந்தத் தெய்வத்துக்கு என்ன குறை வைத்தோமோ என்று அவர் மனம் கலங்கியிருந்தார்.

நண்பனின் முகவாட்டத்தை டிலனாய் கண்டார். காரணம் கேட்டார். கேட்டபின் பெரிய தர்க்கம் எதையும் தொடங்கவில்லை. வேதாகமத்திலுள்ள யோபுவின் கதையைச் சொன்னார். மாடு மனை மக்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்தும் இறைவனைச் சபிக்காத அந்த நீதிமானின் கதையைக் கேட்ட நீலகண்டபிள்ளையின் உள்ளம் ஆறுதலடைந்தது. துன்பம் என்பது தண்டனையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை என்ற உண்மை அவருக்குப் புதிதாக இருந்தது. மேலும் மேலும் கேட்டார். இறுதியில் ஞானஸ்நானம் பெற விரும்பினார்.

அரசாங்க அதிகாரி ஒருவர் மதம் மாறுவது அங்கே ஆபத்தான காரியம். ஆகவே டிலனாய் அவரைத் திருவிதாங்கூரின் எல்லைக்கு அப்பாலுள்ள வடக்கன்குளத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே பணியாற்றிய இயேசு சபைக் குருவானவர் புத்தாரி அடிகளார் அவரைச் சோதித்தறிந்து, 1745 மே 14-ஆம் நாள் ஞானஸ்நானம் வழங்கினார். லாசரு என்ற பெயரின் பொருளைத் தமிழில் தழுவி அவருக்குத் தேவசகாயம் என்று பெயரிடப்பட்டது. அவர் மனைவி பார்கவியும் பின்னர் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ அம்மாள் ஆனார்.

நண்பன் சிறையில், தளபதி சேவையில்

அன்பான வாசகர்களே, இனி வரும் பகுதியை நாம் தாண்டிச் சென்றுவிடக் கூடாது.

தேவசகாயம் விசுவாசத்தை ஒளித்து வைக்கவில்லை. சாதி வேற்றுமை பாராமல் எல்லாரோடும் கலந்து பழகினார். எளியவரோடு அமர்ந்து உண்டார். இது அதிகாரத்தில் இருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. அரச துரோகம் செய்தார், இரகசியங்களை ஐரோப்பியருக்கு வெளியிட்டார் என்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன. 1749 பெப்ரவரி 23-ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். எருமையின் மேல் பின்புறம் நோக்கி அமர்த்தி, ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். நாள்தோறும் அடித்தார்கள். காயங்களில் மிளகாய்த்தூள் தேய்த்தார்கள். மூன்று ஆண்டுகள் இவ்வாறு வதைத்த பின், 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் படைவீரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய எலும்புகளைக் கிறிஸ்தவர்கள் சேகரித்து, கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

எண்ணிப் பாருங்கள். அவரைச் சுட்டவை திருவிதாங்கூர்ப் படையின் துப்பாக்கிகள். அந்தப் படைக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தவர், தேவசகாயத்துக்கு யோபுவின் கதையைச் சொன்ன அதே டிலனாய். கட்டளை பிறந்தது அவர் சேவித்த அதே அரசரின் ஆட்சியில். ஆயிரமாயிரம் வீரரை ஒரு சொல்லால் நகர்த்த வல்ல தளபதியின் பதவி, ஒரு நண்பனின் உயிரைக் காக்கப் பயன்படவில்லை.

அவர் சேவையை விட்டு விலகவும் இல்லை. தேவசகாயம் மாண்ட பின்னும் இருபத்தைந்து ஆண்டுகள் திருவிதாங்கூரின் படையை நடத்தினார். இதைப் படிக்கும்போது நம்மில் சிலருக்கு மனம் உறுத்தும். உறுத்தத்தான் வேண்டும். டிலனாயைக் குறையில்லாத வீரராக வரைந்து காட்டுவது எளிது. ஆனால் அது உண்மையாகாது. பட்டங்கள் பெற்றிருந்தாலும், அந்நிய மண்ணில் அரசர் தயவிலேயே அவருடைய வாழ்வும், அவரைச் சார்ந்திருந்த சிறு கிறிஸ்தவக் கூட்டத்தின் வாழ்வும் தங்கியிருந்தன. அதிகாரத்துக்கு அருகில் நிற்பவனுக்கு அதிகாரம் இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். பல வேளைகளில் அருகில் நிற்பது மட்டுமே அவனுக்கு உரியது. அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் நம் குடும்பத்தவர் பலருக்கு இது புதிய செய்தி அல்ல.

இந்த நண்பர்கள் இருவரில் படையும் பதவியும் உடையவர் டிலனாய்; விலங்கிட்ட கைகளைத் தவிர வேறொன்றும் இல்லாதவர் தேவசகாயம். ஆனால் விசுவாசத்தில் முந்திச் சென்றவர் தேவசகாயமே. ஆசிரியனை மாணவன் மிஞ்சினான். திருச்சபை அவருடைய மரணத்தை விசுவாசத்துக்காக ஏற்ற மரணமென்று ஆராய்ந்து ஏற்றுக்கொண்டது. அவரைப் பற்றிய செய்தியைக் கொச்சி ஆயர் 1756-ஆம் ஆண்டிலேயே உரோமாபுரிக்கு எழுதினார். 2012 டிசம்பர் 2-ஆம் நாள் அவர் முத்திப்பேறு பெற்றவராகவும், 2022 மே 15-ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார்.

தளபதியின் வெற்றிகள்

டிலனாயின் படைத் தொழிலைச் சுருக்கமாகப் பார்ப்போம். அவர் பயிற்றிய படை, இராமய்யன் தளவாயின் தலைமையோடு சேர்ந்து, காயங்குளம், அம்பலப்புழை, தெக்கங்கூர், வடக்கங்கூர் ஆகிய நாடுகளை 1746-இலிருந்து 1750 வரையான ஆண்டுகளில் திருவிதாங்கூரோடு சேர்த்தது. 1753-இல் மாவேலிக்கரையில் ஒல்லாந்தக் கம்பெனி அரசரோடு உடன்படிக்கை செய்து, அண்டை நாட்டுச் சண்டைகளில் தலையிடுவதை விட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தன் சாதாரண சேவகராக இருந்த ஒருவர் உருவாக்கிய படையின் முன்னே அந்தக் கம்பெனி பணிந்து போக நேர்ந்தது.

இராமய்யன் 1756-இலும், மார்த்தாண்ட வர்மா 1758-இலும் மறைந்தார்கள். அடுத்து அரியணையேறிய கார்த்திகைத் திருநாள் இராம வர்மா, தர்மராஜா என்று புகழ் பெற்றவர். அவருக்கும் டிலனாய் வலக்கையாக விளங்கினார். இப்போது வேலை நாடு பிடிப்பது அல்ல, பிடித்த நாட்டைக் காப்பது. வடக்கே மைசூரில் ஐதர் அலியின் பலம் வளர்ந்து கொண்டிருந்தது. கொச்சி நாட்டின் வழியாக, கடற்கரையிலிருந்து ஆனைமலை அடிவாரம் வரை ஏறக்குறைய முப்பது மைல் நீளத்துக்கு மண் அரண் ஒன்றை டிலனாயின் திட்டப்படி எழுப்பினார்கள். முன்னே ஆழமான அகழி, மேலே நெருங்கி வளர்ந்த மூங்கில் வேலி, இடையிடையே காவற் கோட்டைகள் என்று அமைந்த அதற்கு நெடுங்கோட்டை என்று பெயர். அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் பெரும்படை அந்த அரணில் மோதிப் பலத்த சேதத்தோடு பின்வாங்கியது. 1790 ஏப்ரலில்தான் அதை உடைக்க முடிந்தது. அதற்குள் நாட்டுக்குக் கிடைத்த அவகாசம் பெரிது.

இந்த வெற்றிகளுக்கு விலை இல்லாமலும் இல்லை. டிலனாய் மார்கரெட் என்ற பெண்மணியை மணந்து உதயகிரியில் குடும்பமாக வாழ்ந்தார். அவர்கள் மகன் யோவானும் தந்தையின் வழியில் படையில் சேர்ந்தான். 1765-இல் களக்காட்டில் நடந்த போரில், இருபது வயதளவில், அந்த மகன் உயிரிழந்தான். தம் கையால் பயிற்றிய படையோடு தம் பிள்ளையையும் அனுப்பிவிட்டு, அவன் உடலை அடக்கம் செய்ய நேர்ந்த தந்தையின் நிலையை, பிள்ளைகளைப் பெற்ற உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் தாம் பிறருக்குச் சொன்ன யோபுவின் கதை அன்று அவருக்கே தேவைப்பட்டது.

உதயகிரியில் ஒரு கல்லறை

நண்பனைக் காக்க முடியாத டிலனாய், தம் விசுவாசத்தை மட்டும் கடைசி வரை கைவிடவில்லை. உதயகிரிக் கோட்டைக்குள்ளே ஓர் ஆலயம் எழுந்தது. அங்கே குருவானவர் வந்து திருப்பலி நிறைவேற்றினார். தேவசகாயத்தின் காலத்தில் கிறிஸ்தவருக்கு இருந்த இடர் தர்மராஜாவின் ஆட்சியில் தணிந்தது. கிறிஸ்தவர்களுக்கு அவர் காட்டிய தயவுக்காக 1774-இல் பாப்பரசர் பதினான்காம் கிளமெந்து அவருக்கு நன்றிக் கடிதம் எழுதியதாகத் திருவிதாங்கூர் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். அந்த அரசரின் நம்பிக்கைக்கு உரிய தளபதி ஒரு கத்தோலிக்கர் என்பதை இத்துடன் சேர்த்து எண்ணலாம்.

1777 ஜூன் 1-ஆம் நாள், அறுபத்திரண்டு வயதும் ஐந்து மாதமும் நிறைந்த நிலையில் டிலனாய் காலமானார். கோட்டை ஆலயத்துக்குள்ளேயே அவரை அடக்கம் செய்தார்கள். மனைவியின் கல்லறையும் மகனின் கல்லறையும் பக்கத்திலேயே இருக்கின்றன. கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வழியே போகிறவரை நிறுத்தி, ஏறக்குறைய முப்பத்தேழு ஆண்டுகள் முழு விசுவாசத்தோடு அரசருக்கு ஊழியம் செய்தவர் இங்கே துயில்கிறார் என்று அந்த இலத்தீன் வரிகள் அறிவிக்கின்றன. காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளை அவர் வென்றதையும் அவை குறிப்பிடுகின்றன. ஐரோப்பியர் ஒருவரின் கல்லறையில் தமிழ் எழுத்து வந்த காரணம் எளிது. அது தமிழ் வழங்கும் ஊர். அங்கே வாழ்ந்த அவர் அந்த ஊராரில் ஒருவராகிவிட்டார்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் அந்தப் பகுதி தமிழ்நாட்டோடு இணைந்தது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில், தக்கலையை அடுத்து உதயகிரிக் கோட்டையைக் காணலாம். உலைக்களம் இன்று இல்லை. ஆலயத்தின் கூரை போய்ச் சுவர்களே நிற்கின்றன. கோட்டைக்குள் மரங்கள் வளர்ந்து பூங்காவாகிவிட்டது. இந்திய இராணுவத்தின் மதராஸ் ரெஜிமென்டில் ஒன்பதாம் பட்டாளம் தன் வரலாற்றைப் பழைய திருவிதாங்கூர்ப் படையிலிருந்து தொடங்கிச் சொல்கிறது. தமிழ்நாட்டுக்குத் தீர்த்த யாத்திரை செல்லும் நம் குடும்பங்கள் கோட்டாற்றில் புனித தேவசகாயத்தின் கல்லறையில் முழந்தாளிட்ட பின், சற்றுத் தூரத்திலுள்ள உதயகிரிக்கும் சென்று வரலாம்.

அன்பான வாசகர்களே, இந்த இரு கல்லறைகளையும் ஒருசேர நினைத்துப் பாருங்கள். டிலனாய் வார்த்த பீரங்கிகள் ஓய்ந்தன. அவர் எழுப்பிய நெடுங்கோட்டை மண்ணோடு மண்ணாகிவிட்டது. அவர் சேர்த்துக் கொடுத்த அரசும் இன்றில்லை. ஆனால் மனமுடைந்த நண்பன் ஒருவனோடு உட்கார்ந்து அவர் ஆறுதலாகச் சொன்ன அந்த ஒரு கதை, காற்றாடிமலையைக் கடந்து, உரோமாபுரியின் பீடம் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. அதைச் சொன்ன நாளில் அதன் முடிவு அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லத் துணிந்திருப்பாரோ, தயங்கியிருப்பாரோ!

உங்கள் அயலிலும் முகவாட்டத்தோடு ஒருவர் இருப்பார். தோணி கவிழ்ந்து தொழில் இழந்தவராக இருக்கலாம். வயல் நீரின்றிக் கருகியவராக இருக்கலாம். பிள்ளையைப் பறிகொடுத்தவராகவும் இருக்கலாம். அவருக்கு உத்தியோகம் வாங்கிக் கொடுக்கவோ இழந்ததை மீட்டுக் கொடுக்கவோ நம்மால் முடியாமற் போகலாம். பக்கத்தில் உட்கார்ந்து காரணம் கேட்க முடியும். அதை ஒரு தளபதி தம் வேலைக்கிடையே செய்தார். நாமும் செய்யலாம்.